வயதின் கோடும் இசைவின் பொருளும்: பாலியல் வன்முறை பற்றிய சமூக நோக்கின் வரலாறு (1860 முதல்)

முன்னுரை

பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவரைப் பற்றிய செய்தி வெளிவரும்பொழுது முதலில் எழும் வினா, பெரும்பாலும் அவருடைய வயது என்ன என்பதே. எட்டு வயது என்றால் ஊர் கொதித்தெழுகிறது. பதினேழு என்றால், அவள் அந்நேரத்தில் அங்கு ஏன் சென்றாள் என்று கேட்கிறார்கள். முப்பது என்றால் அவளுடைய முன்நடத்தை ஆராயப்படுகிறது. எழுபது என்றால் செய்தியை நம்புவதற்கே பலர் தயங்குகின்றனர். நிகழ்ந்த செயல் ஒன்றே. ஆயினும் அதனை மதிப்பிடும் அளவுகோல் வயதுக்கு வயது மாறுகிறது.

குழந்தைக்குக் கூடுதலான பாதுகாப்பு வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. ஆனால், குழந்தையிடம் காட்டப்படும் இரக்கமும் வளர்ந்த பெண்ணிடம் காட்டப்படும் ஐயமும் தனித்தனியே வளர்ந்த இரு மனப்பான்மைகள் அல்ல. அவை ஒரே கோட்டின் இரு புறங்கள். சட்டம் ஒரு வயதைக் குறித்து, அதற்குக் கீழே இசைவு பற்றிய வினாவே தேவையில்லை என்றது. அதற்கு மேலே, இசைவு இல்லை என்பதைப் பெண்ணே தன் உடற்காயங்களாலும் நற்பெயராலும் மெய்ப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றமும் சமூகமும் எதிர்பார்த்தன. இதன் விளைவாக, ஒரு பெண் உண்மையில் இசைந்தாளா என்னும் அடிப்படை வினா கோட்டின் இரு புறத்திலும் நேர்மையாகக் கேட்கப்படாமலேயே போயிற்று. இக்கருத்தை ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவின் சட்ட வரலாற்றைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அச்சட்டமே கடல் கடந்து நம் நாடுகளின் சட்டமாகவும் ஆயிற்று என்பதால், இவ்வரலாறு நமக்கு அயலானது அன்று.

1. பத்து என்னும் எண்

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் முன்வைத்த வரைவு, நெடுங்காலம் கிடப்பில் இருந்து 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமாக நிறைவேறியது. 1862 சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 375ஆம் பிரிவு வன்புணர்ச்சியை ஐந்து சூழல்களின்வழி வரையறுத்தது. பெண்ணின் விருப்பத்திற்கு மாறாக, இசைவின்றி, அச்சுறுத்திப் பெற்ற இசைவுடன், கணவன் என்று நம்பவைத்துப் பெற்ற இசைவுடன் என்பன முதல் நான்கு. பெண் பத்து வயதுக்கு உட்பட்டவளாயின், இசைவு இருப்பினும் இல்லாவிடினும் அது குற்றமே என்பது ஐந்தாவது.

இந்தப் பத்து என்னும் எண் இந்தியாவில் பிறந்தது அன்று. முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில் 1576இல் இயற்றப்பட்ட இங்கிலாந்துச் சட்டமே பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமியைத் தனியே பிரித்துப் பேசியது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து அதே எண் கல்கத்தாவிற்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் உரிய சட்டமாயிற்று.

இங்கிலாந்திலிருந்து மற்றொரு மரபும் வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தலைமை நீதிபதி மாத்யூ ஹேலின் நூல், அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின் 1736இல் வெளியாயிற்று. வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டு எளிதில் சுமத்தத்தக்கது என்றும், குற்றம் செய்யாதவனும் அதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்வது கடினம் என்றும் அவர் எச்சரித்திருந்தார். இவ்வெச்சரிக்கையை நீதிபதிகள் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக வழிவழியாகச் சொல்லி வந்தனர். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் அதற்கு ஒரு கருவியையும் தந்தது. குற்றம் சாட்டிய பெண் பொதுவாக ஒழுக்கக்கேடான நடத்தையுடையவள் என்று காட்டி, அவளுடைய சாட்சியத்தின் நம்பகத்தன்மையைக் குலைக்க 155ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு இடமளித்தது.

ஆகவே, 1872ஆம் ஆண்டளவில் சட்டத்தின் பக்கங்களில் இரு பெண்ணுருவங்கள் நிலைபெற்றுவிட்டன எனலாம். ஒன்று, இசைவைப் பற்றிக் கேட்கவே வேண்டாத சிறுமி. மற்றொன்று, சொல்லை எளிதில் நம்பக்கூடாத பெண். இவ்விருவருக்கும் இடையில் நின்றது ஒரு பிறந்தநாள் மட்டுமே.

2. 1890: கோட்டை ஓராண்டு தாண்டியவள்

375ஆம் பிரிவுக்கு ஒரு விதிவிலக்கும் இருந்தது. கணவன் மனைவியுடன் கொள்ளும் உறவு, அவள் பத்து வயதுக்கு உட்பட்டவளாக இல்லாதவரை, வன்புணர்ச்சி ஆகாது. மெக்காலேயின் வரைவில் இந்த வயது வரம்புகூட இல்லை. கணவனுக்கு முழு விலக்கே அளிக்கப்பட்டிருந்தது.

இவ்விதிவிலக்கின் பொருள் 1890இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு சூன் மாதம் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்னும் சிறுமி, கணவன் ஹரி மோகன் மைத்தி வன்மையாக உறவு கொண்டதனால் ஏற்பட்ட இரத்தப்போக்கில் இறந்தாள். அவளுக்கு வயது பதினொன்றை ஒட்டியது. கணவனோ அவளைவிடப் பல ஆண்டுகள் மூத்தவன். அவள் பத்து வயதைக் கடந்துவிட்டாள் என்பதால் வன்புணர்ச்சிச் சட்டம் இந்நிகழ்வுக்குப் பொருந்தாது என்று நீதிபதி வில்சன் ஜூரர்களுக்கு விளக்கினார். இறுதியில், கவனக்குறைவான செயலால் கொடுங்காயம் விளைவித்தல் என்னும் குற்றமே நிலைநாட்டப்பட்டது. தண்டனை ஓராண்டுக் கடுங்காவல்.

ஓராண்டு இளையவளாக இருந்திருப்பின் இதே செயல் வாழ்நாள் நாடுகடத்தலுக்குரிய குற்றம். ஓராண்டு மூத்தவளாகிவிட்டதால் அது கவனக்குறைவு. பூல்மணி உறவை விரும்பினாளா, மறுத்தாளா, அழுதாளா என்பவை சட்டத்தின் கண்ணுக்குப் பொருட்டாகவே இல்லை. இவ்வழக்கை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் தனிகா சர்க்கார் இங்கு முதன்மையான ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டியுள்ளார். அக்கால விவாதத்தில் இசைவு என்பது மனத்தின் விருப்பத்தைக் குறிக்கவில்லை. கொடுங்காயமின்றி உறவைத் தாங்கிக்கொள்ளும் நிலையை உடல் எப்பொழுது அடைகிறது என்பதையே அது குறித்தது. சீர்திருத்தத்தை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் சிறுமியின் உடலைப் பற்றியே வாதிட்டனர்.

1891 சனவரி 9ஆம் நாள் சட்ட உறுப்பினர் ஆண்ட்ரூ ஸ்கோபிள் இசைவு வயதைப் பன்னிரண்டாக உயர்த்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். பூப்பெய்தியவுடன் செய்யவேண்டிய கர்ப்பாதானச் சடங்கில் அரசு தலையிடுகிறது என்று வங்காளத்தில் பெருங்கூட்டங்கள் கூடின. பூனாவில் திலகர் எதிர்த்தார். சமயநூல்களைக் கொண்டே பண்டார்க்கர் ஆதரித்து வாதிட்டார். மார்ச்சு 19ஆம் நாள் மசோதா சட்டமாயிற்று. அதனைக் கடுமையாக எதிர்த்தெழுதிய கல்கத்தாவின் 'பங்கவாசி' இதழ்மீது அவ்வாண்டே தேச நிந்தனை வழக்குத் தொடரப்பட்டது. இந்தியாவின் முதல் தேச நிந்தனை வழக்காக அறியப்படுவது, ஒரு சிறுமியின் இசைவு வயதைப் பற்றிய விவாதத்திலிருந்து பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

3. மாண்ட சிறுமியும் மறுத்த பெண்ணும்

பூல்மணியின் சாவு ஒரு சட்டத்தைப் பிறப்பித்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் நடந்த வேறொரு வழக்கு அத்தகைய விளைவை உண்டாக்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால் வயதின் செல்வாக்கு தெளிவாகும்.

ருக்மாபாய் பதினொரு வயதில் மணமுடிக்கப்பட்டவர். தாய்வீட்டிலேயே வளர்ந்து கல்வி கற்ற அவர், இருபது வயதளவில் கணவனிடம் செல்ல மறுத்தார். 1884இல் கணவன் தன் தாம்பத்திய உரிமைக்காக வழக்குத் தொடுத்தான். தன் அறிவு முதிர்வதற்கு முன் நடந்த மணத்திற்குத் தான் கட்டுப்பட்டவர் அல்லர் என்பதே ருக்மாபாயின் நிலைப்பாடு. 1885இல் நீதிபதி பின்ஹே அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டுக்குப் பின் வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டு, 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், கணவனிடம் செல்ல வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் வரை சிறை என்று தீர்ப்பளித்தார். சிறைக்குச் செல்லத் தயார் என்றார் ருக்மாபாய். 1888இல் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ளப்பட்டது. பின்னர் அவர் இலண்டனில் மருத்துவம் பயின்று, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் நெடுங்காலம் பணியாற்றினார்.

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலனாகிறது. இசைவு பற்றித் தெளிவாகப் பேசியவர் ருக்மாபாயே. தனக்கு மனம் உண்டு, அதற்கு மறுக்கும் உரிமை உண்டு என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். அதற்குக் கிடைத்தவை சிறை மிரட்டலும், குடும்ப ஒழுங்கைக் குலைப்பவள் என்னும் பழியும். பூல்மணி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் அவள் இல்லை. அவளுக்காகச் சட்டமே மாறியது. அக்காலச் சமூகத்தால் இரங்க முடிந்தது பேசாத சிறுமிக்கு மட்டுமே. பேசிய பெண் அவ்விரக்கத்தின் எல்லைக்கு அப்பால் நின்றாள்.

4. உயர்ந்து சென்ற எண்கள்

1891இல் பன்னிரண்டு என்று வகுக்கப்பட்ட எல்லை, 1925இல் மணவாழ்வுக்கு வெளியே பதினான்கு என்றும் மணவாழ்வுக்குள் பதின்மூன்று என்றும் இரண்டாகப் பிரிந்தது. 1928இல் மோரோபந்த் விஸ்வநாத் ஜோஷி தலைமையில் இசைவு வயதுக் குழு அமைக்கப்பட்டது. இராமேசுவரி நேருவும் தமிழகத்தின் ஆர்க்காடு இராமசாமி முதலியாரும் அதன் உறுப்பினராயினர். நாடெங்கும் சாட்சியம் கேட்ட அக்குழு, மணவாழ்வுக்குள் பதினைந்து, வெளியே பதினெட்டு என்று 1929இல் பரிந்துரைத்தது. விடுதலைக்குப் பின் 1949இல் எல்லைகள் முறையே பதினைந்தாகவும் பதினாறாகவும் உயர்த்தப்பட்டன.

இரண்டு எண்கள் தோன்றியதன் பொருளை நாம் நின்று நோக்க வேண்டும். உடலின் முதிர்ச்சியே அளவுகோல் என்றால், பதின்மூன்றரை வயதுச் சிறுமியின் உடல் மணமானவுடன் முதிர்ந்துவிடுவதில்லை. எனவே சட்டம் அளந்தது அவளுடைய வயதை மட்டும் அன்று. அவள் யாருக்கு உரியவள் என்பதையும் சேர்த்தே அளந்தது.

சென்னை மாகாணத்தில் இதே போக்கை வேறொரு களத்தில் காண்கிறோம். தேவதாசி முறையில் சிறுமியரைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதைத் தண்டிக்க, சிறாரைப் பரத்தைமைக்காக விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் 372, 373ஆம் பிரிவுகள் பயன்படுத்தப்பட்டன. அவற்றில் இருந்த பதினாறு என்னும் வயது வரம்பு 1924இல் பதினெட்டாக உயர்ந்தது. இதனால் ஒரே வீட்டில், பதினைந்து வயது மகள் சட்டத்தின் இரக்கத்திற்குரியவள் ஆனாள். அதே முறைக்குத் தன் சிறுவயதில் ஆளாக்கப்பட்ட தாயோ குற்றவாளியாகவோ நடத்தை கெட்டவளாகவோ எண்ணப்பட்டாள். தாயும் ஒரு காலத்தில் அந்த மகளாகவே இருந்தாள் என்பதைச் சட்டம் காணவில்லை. அர்ப்பணிப்பு முறையையே தடைசெய்ய வேண்டும் என்று முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் போராடியதன் அருமை இங்குதான் விளங்குகிறது. வயது வரம்பை உயர்த்துவதோடு நின்றுவிடாமல், பெண்ணைப் பிறர்க்கு உரியவளாக்கும் வழக்கத்தையே அவர் கேள்விக்கு உட்படுத்தினார். அம்முறையைத் தடைசெய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியது.

5. 1972: பதினாறா, இல்லையா?

பூல்மணி வழக்கு நடந்து எண்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் மகாராட்டிரத்தில் மற்றோர் இளம்பெண் கோட்டின் விளிம்பில் நின்றாள். 1972 மார்ச்சு 26ஆம் நாள் இரவு, காவல் நிலையத்திற்கு அழைத்து வரப்பட்ட ஒரு பழங்குடி இளம்பெண், அந்நிலைய வளாகத்திலேயே காவலர் தன்னைக் கற்பழித்ததாக முறையிட்டாள். (அக்கால ஆவணங்களிலும் இதழ்களிலும் வழங்கிய இச்சொல், குற்றத்தின் சுமையைப் பெண்ணின் கற்பின்மேல் ஏற்றுவதால், இன்று வன்புணர்ச்சி என்றே வழங்குகிறோம்.) பெற்றோரை இழந்த அவள் உடன்பிறந்தானுடன் கூலிவேலை செய்து வாழ்ந்தவள். மருத்துவச் சோதனை அவளுடைய வயதைப் பதினான்குக்கும் பதினாறுக்கும் இடைப்பட்டது என மதிப்பிட்டது.

இந்த இடைவெளியில்தான் வழக்கின் விதி அடங்கியிருந்தது. பதினாறுக்கு உட்பட்டவள் என்றால் இசைவு பற்றிய வினா எழாது. அமர்வு நீதிமன்றம் அவள் பதினாறு வயதுக்கு உட்பட்டவள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. அக்கணமே வழக்கின் திசை மாறியது. விசாரணை அவளுடைய வயதிலிருந்து நடத்தைக்கு நகர்ந்தது. அவள் ஏற்கெனவே பாலுறவுப் பழக்கம் உடையவள் என்னும் மருத்துவக் குறிப்பு முன்னிறுத்தப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டோர் 1974இல் விடுவிக்கப்பட்டனர். உயர் நீதிமன்றம் அதனை மாற்றி அவர்களைத் தண்டித்தது. காவல் நிலையத்தில் அதிகாரமுடையோர்முன் செயலற்றுப் பணிந்துபோவதை இசைவாகக் கொள்ள இயலாது என்று அது விளக்கியது. ஆனால் 1978இல் உச்ச நீதிமன்றம், உடலில் காயங்கள் இல்லை, கூச்சலிட்டதற்குச் சான்றில்லை என்று கூறி, அவர்களை மீண்டும் விடுவித்தது.

1979 செப்டம்பரில் உபேந்திர பக்சி, லத்திகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். பணிந்துபோவதும் இசைவதும் ஒன்றல்ல என்பதே அம்மடலின் உயிர்நாடி. அதனைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் நாடெங்கும் கிளர்ந்தெழுந்தன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண் தான் இசையவில்லை என்று கூறினால், அதனை மெய்யெனக் கொண்டே நீதிமன்றம் தொடங்கவேண்டும் என்னும் புதிய விதி சாட்சியச் சட்டத்தில் சேர்ந்தது.

எலும்பு வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கும் சோதனை, இரு புறமும் ஈராண்டு வரை பிழைபடலாம் என்று 1982இல் உச்ச நீதிமன்றமே வேறொரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. பிறப்புப் பதிவு இல்லாத ஏழையின் மகளுக்கு, அவள் குழந்தையா பெண்ணா என்பதை முடிவுசெய்வது இத்தகைய கணிப்பே. அவளை நம்புவதா, ஐயுறுவதா என்பதையும் அதுவே முடிவுசெய்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் கையில் பிறப்புச் சான்றிதழ் இருக்கும். இல்லாதவளுக்கு அவளுடைய எலும்பே சான்று. வயதின் கோடு எல்லாருக்கும் ஒரே தெளிவுடன் வரையப்படுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

6. கோட்டின் மேல் எல்லை

வயதைக் கொண்டு பெண்ணை வகைப்படுத்தும் பழக்கம் நமக்கும் புதிதன்று. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் எழுபருவப் பாகுபாட்டைத் தமிழாசிரியர் நன்கறிவர். பாட்டியல் நூல்களுக்கிடையே எண்ணிக்கை சிறிது வேறுபடினும், பேதைப் பருவம் ஐந்து வயதளவில் தொடங்குவதும் பேரிளம்பெண் பருவம் நாற்பதளவில் முடிவதும் பொதுவாக வழங்கும் கணக்கு. இது உலா இலக்கியத்திற்குரிய மரபு; சட்டம் அன்று. தலைவன்பால் காதல் எவ்வாறு படிப்படியாக வளர்கிறது என்பதைக் காட்டுவதே புலவரின் நோக்கம். ஆயினும் இப்பட்டியலிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். காமத்தோடு தொடர்புபடுத்திப் பெண்ணை நோக்கும் பார்வை, நாற்பதுக்குப் பின் அவளுக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை.

பாலியல் வன்முறையைக் காமத்தின் மிகுதியாகக் கருதும்வரை, முதிய பெண் அதற்கு ஆளாவாள் என்பதைச் சமூகம் நம்ப மறுக்கும். 2014 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இதற்குச் சான்று. கொலையுண்டு கிடந்த, அறுபத்தைந்து வயதைக் கடந்த பெண் ஒருவரைப் பற்றிய வழக்கு அது. வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டை ஆராய்ந்த நீதிமன்றம், அவர் மாதவிடாய் நின்ற வயதினர் என்பதைக் குறிப்பிட்டது. உறவு வேகமாக நிகழ்ந்திருப்பினும் அவர் விருப்பத்திற்கு மாறானது என்று கொள்ள முடியாது என்னும் எதிர்தரப்பு வாதத்தையும் ஏற்றது. இறந்தவர் மறுத்தாரா என்று அவரைக் கேட்க இயலாது. ஆயினும் அவருடைய வயது அவருக்காக விடை சொல்லிவிட்டது.

1890இல் பூல்மணியின் வயதும் இதையே செய்தது. இளமையின் விளிம்பிலும் முதுமையின் விளிம்பிலும், பெண்ணின் சொல் நிற்கவேண்டிய இடத்தில் அவளுடைய உடலின் பருவம் வந்து நின்றது.

7. நீரிணைக்கு இப்பால்

இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871இல் ஒரு தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 1893இல் சாட்சியச் சட்டமும் அவ்வாறே வந்து சேர்ந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றுள்ள சட்டங்களின் வேர் அவையே. வன்புணர்ச்சியைக் குறிக்கும் பிரிவின் எண் இங்கும் 375 என்பதே இவ்வுறவைக் காட்டும்.

வேர் ஒன்றாயினும் கிளைகள் வெவ்வேறு காலத்தில் திருத்தப்பட்டன. பாதிக்கப்பட்ட பெண்ணின் பிற பாலுறவுகளைப் பற்றிக் கேள்வி கேட்பதை மலேசியா 1989இல் சாட்சியச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்துக் கட்டுப்படுத்தியது. பெண்ணின் நடத்தையைக் கொண்டு அவள் சாட்சியத்தைக் குலைக்கும் பழைய உட்பிரிவை இந்தியா 2002ஆம் ஆண்டின் இறுதிநாள் முதல் நீக்கியது. சிங்கப்பூர் 2012இல் நீக்கியது. கணவனுக்குரிய விலக்கைச் சிங்கப்பூர் 2020 சனவரி முதல் நாள் முற்றாக அகற்றியது. மலேசியா அவ்விலக்கை நீக்காமலேயே, உறவுக்காக மனைவியைக் காயப்படுத்துவதையும் அச்சுறுத்துவதையும் 2007இல் தனிக்குற்றமாக்கியது. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென மலேசியா 2017இல் தனிச்சட்டம் இயற்றியது.

சட்டம் தெளிவாக இருக்கும் இடத்திலும் மனப்பான்மை வேறாக இருக்கலாம் என்பதை மலேசியாவில் 2012 ஆகஸ்டில் வந்த ஒரு தீர்ப்பு உணர்த்தியது. பதின்மூன்று வயதுச் சிறுமியுடன் உறவு கொண்ட, பதின்ம வயதின் இறுதியில் இருந்த விளையாட்டு வீரர் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய எதிர்காலத்தைக் கருதி, சிறைத்தண்டனையின்றி நன்னடத்தைப் பிணையில் விடுவித்தது. ஏமாற்றோ வற்புறுத்தலோ இல்லை என்பதும் கருதப்பட்டது. பதினாறுக்குக் கீழே இசைவு பொருட்டில்லை என்பது சட்டம். ஆனால் தண்டனையை அளக்கும் வேளையில் அந்த இசைவு பின்வாயில் வழியாக உள்ளே வந்துவிட்டது. மேலும், அங்கே எடைபோடப்பட்டது ஆணின் வருங்காலம். சிறுமியின் வருங்காலம் பற்றிய வினாவைப் பெண்கள் அமைப்புகளே எழுப்ப வேண்டியதாயிற்று.

8. உயர்ந்த வேலிக்குள்

2012இல் இந்தியா சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தை இயற்றி, எல்லையைப் பதினெட்டாக்கியது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பதினெட்டு வயதுக்கு உட்பட்ட மனைவிக்கும் அப்பாதுகாப்பு உண்டு என்றது. பூல்மணி இறந்து நூற்றிருபத்தேழு ஆண்டுகள் ஆன பின்னரே, மணமான சிறுமியும் மணமாகாத சிறுமியும் சட்டத்தின்முன் ஒன்றாயினர். ஆனால் பதினெட்டு நிரம்பிய மனைவிக்கு விலக்கு அப்படியே தொடர்ந்தது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய சட்டமும் அதனைத் தாங்கியே வந்துள்ளது.

2018இல், எட்டு வயதுச் சிறுமி ஒருவருக்கு சம்மு காசுமீரில் நேர்ந்த கொடுமையால் நாடு கொதித்த வேளையில், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர்மீதான வன்புணர்ச்சிக்கு மரண தண்டனை வரை விதிக்கலாம் எனச் சட்டம் திருத்தப்பட்டது. பன்னிரண்டு என்பது 1891இன் எண். சமூகத்தின் சினம் எந்த வயதில் உச்சத்தை அடைகிறது என்பதை நூற்றாண்டு கடந்து அவ்வெண் மீண்டும் காட்டியது.

எல்லை உயர்ந்ததால் மற்றொரு சிக்கலும் எழுந்துள்ளது. பதினாறு, பதினேழு வயதினர் விரும்பிப் பழகும் உறவுகளில், பெண்ணின் பெற்றோர் இச்சட்டத்தைப் பயன்படுத்தி இளைஞனைச் சிறைக்கு அனுப்பும் வழக்குகள் பெருகின. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் எல்லையைப் பதினாறாகக் குறைப்பது பற்றி எண்ணிப்பார்க்கலாம் என்று கருத்துரைத்தது. 2023இல் இந்தியச் சட்ட ஆணையம் குறைக்க வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. இரு தரப்பிலும் வலுவான காரணங்கள் உள்ளன. ஆனால் இவ்விவாதத்திலும் அந்த இளம்பெண் என்ன சொல்கிறாள் என்பது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. கோட்டுக்குக் கீழே நிற்கும் அவள் ஆம் என்றாலும் அச்சொல்லுக்கு மதிப்பில்லை. கோட்டைத் தாண்டியபின் இல்லை என்றாலும் அச்சொல்லுக்குச் சான்று கேட்கப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், வயது எல்லை என்பது தேவையான ஒன்று என்பதையும், அது மட்டும் போதாது என்பதையும் உணரலாம். 1860இன் பத்திலிருந்து 2012இன் பதினெட்டு வரை எண் உயர்ந்தபொழுதெல்லாம் சில சிறுமியர் காக்கப்பட்டனர். இது மறுக்கவியலாத நன்மை. ஆனால் எண் உயர்ந்த அளவிற்கு இசைவின் பொருள் தெளிவுபடவில்லை. 1983இன் திருத்தமும் நடத்தையைக் கிளறும் விதிகளின் நீக்கமுமே அத்திசையில் நிகழ்ந்த உண்மையான மாற்றங்கள். அவை வயதைப் பற்றியவை அல்ல. பெண்ணின் சொல்லை எவ்வாறு கேட்பது என்பதைப் பற்றியவை.

இவ்வாய்வு ஆசிரியர்களுக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. இடைநிலைப் பள்ளி மாணவியர் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரையிலான வயதினர். அஃதாவது, 1891 முதல் இன்றுவரை கோடு ஊர்ந்து சென்ற பாதை முழுவதும் நம் வகுப்பறைக்குள்தான் இருக்கிறது. முதலாம் படிவத்து மாணவி ஒருத்தி வந்து தனக்கு நேர்ந்ததைச் சொன்னால் நாம் பதறுகிறோம். ஐந்தாம் படிவத்து மாணவி சொன்னால், முதலில் அவளுடைய உடையையும் நட்பையும் பற்றிக் கேட்கத் தோன்றுகிறது. அவ்வாறு தோன்றுவது நம் தனிப்பட்ட குணத்தால் மட்டும் அன்று. ஒன்றரை நூற்றாண்டாகச் சட்டமும் நீதிமன்றமும் சமூகமும் சேர்ந்து பயிற்றுவித்த பழக்கம் அது. வயதை அறிவது நம் சட்டக் கடமையை அறிவதற்குத் தேவை. அவளை நம்பலாமா என்பதை முடிவுசெய்வதற்கு அது தேவையில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியும்பொழுதுதான், பூல்மணியிடம் காட்டிய இரக்கம் ருக்மாபாயையும் சென்றடையும்.